நன்றி சொல்ல ஒரு பெண்

ரொட்டித் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரல் எப்போதும் ஒன்றுதான். வரவேற்புரை, செயலாளர். தலைமையுரை, தலைவர். சிறப்புரை, தலைவர் எங்கிருந்தோ அழைத்து வரும் யாராவது ஒருவர். நிறைவுரை, சிறப்புரையாளர் சொல்ல மறந்ததையெல்லாம் சொல்வதற்காக மறுபடியும் தலைவர். கடைசியில் நன்றியுரை. அது மட்டும் ஒரு பெண்.

சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனாலும், பெண்களுக்கு மேடையில் இடம் கொடுப்பதில்லை என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்லிவிட முடியாது என்பதில் தலைவருக்குப் பெருமை. "நன்றின்றது எவ்வளவு பெரிய விஷயம்? அதையே தூக்கிப் பொம்பளைங்க கையில குடுத்திருக்கோம்" என்பார். நன்றியுரை தொடங்கும் அதே வேளையில் பின்பக்கக் கதவருகே டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும் என்பது வேறு விஷயம். நன்றி சொல்லும் பெண் மைக்கைப் பிடிக்கும்போது அவளுக்கு எதிரே இருப்பவை எல்லாம் முதுகுகள்.

தலைவர் அடுப்புப் பிரிவின் ஃபோர்மேன். அவருக்குச் 'சரித்திரம்' என்று பட்டப்பெயர். காரணம் இருந்தது. கிழிந்த கையுறைக்குப் பதில் புதுக் கையுறை வேண்டும் என்று கேட்பதானாலும், "காட்டிலே திரிந்த மனிதன் கல்லோடு கல்லை உரசி நெருப்பைக் கண்ட அந்தப் பொன்னாளிலே" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு கோதுமையைக் கண்டுபிடிப்பார். சக்கரத்தைக் கண்டுபிடிப்பார். இரண்டு மூன்று சாம்ராஜ்யங்கள் எழுந்து விழும். கையுறை வந்து சேருவதற்குள் கேட்பவர்களுக்குக் கண் சொருகிவிடும். ஆனால் குரல் அருமையான குரல். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி மாதிரி கதகதப்பாக இருக்கும். அந்தக் குரலுக்காகவே அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக நன்றி சொல்லும் கணக்குப் பிரிவுப் பெண் அந்த வருடம் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். தலைவர் பேக்கிங் பிரிவுக்கு வந்தார்.

பேக்கிங் பிரிவில் ரொட்டி வெட்டும் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு அலறுவது போலச் சத்தம் போடும். அங்கே வேலை செய்யும் பெண்கள் ஒருத்தி பேசுவதை இன்னொருத்தி காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். பெல்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு கல்யாணப் பேச்சு வார்த்தையையே நடத்தி முடித்துவிடுவார்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அந்த வித்தை தேவைப்படவில்லை. அவள் பேசினால் இயந்திரத்தைத் தாண்டிக் கேட்கும். அவளுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவளுடைய கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். வீட்டு முன்னறைதான் கடை. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, கடுகைவிடச் சின்னத் திருகாணி ஒன்றை இடுக்கியால் தூக்கும் நேரத்தில், "வந்துட்டேன், சாப்பிட்டீங்களா?" என்று வாசலில் ஸ்பீக்கரின் குரல் கேட்கும். திருகாணி எங்கோ தெறித்துவிடும். அப்புறம் இருவருமாகத் தரையில் தவழ்ந்து தேடுவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் முக்கால்வாசி இதுதான்.

தலைவர் அவளிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"இதுல இருக்கிற பேரையெல்லாம் வாசிச்சு, ஒவ்வொருத்தருக்கும் நன்றின்னு சொல்லணும், அவ்வளவுதாம்மா. சொந்தமா எதுவும் சேர்க்க வேணாம்."

"என்னத்துக்கு நன்றின்னு சொல்ல வேணாமா அண்ணே?"

"எதுக்குன்னு அவங்களுக்கே தெரியும்."

"நமக்குத் தெரிய வேணாமா?"

தலைவர் ஒரு கணம் யோசித்தார். அதில் தப்பாக எதுவும் அவருக்குத் தென்படவில்லை. "சரி, சுருக்கமா சொல்லு" என்று போய்விட்டார்.

கூட்டத்தன்று சிறப்பு விருந்தினராக மேலாளரே வந்திருந்தார். தலைவர் நெருப்பைக் கண்டுபிடித்து, நாகரிகங்களை நாட்டி, ஒருவழியாக நிறைவுரையையும் முடித்தபோது டீ வாசனை வந்துவிட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஸ்பீக்கர் மைக் முன்னால் வந்து நின்றாள். எதிரே முதுகுகள். எதிரில் இருப்பவர்கள் எழுந்து போகும்போது நன்றி சொல்வது மரியாதை இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"உக்காருங்க!" என்றாள்.

மைக்கை அவள் பயன்படுத்தவே இல்லை. ஆனாலும் மைக் வீறிட்டது. பிஸ்கட் தட்டு வைத்திருந்தவர் தட்டோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மொத்தக் கூட்டமும் திரும்பி வந்து அமர்ந்தது. மேலாளரும், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்தான், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம தலைவர் அண்ணனுக்கு நன்றி" என்று ஆரம்பித்தாள். "எதுக்குன்னா, பொம்பளைங்க கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தர்றேன்னு வருஷா வருஷம் மறக்காம சொல்றாரு. தாழ்ப்பாள் இன்னும் வரல. ஆனா சொல்ற சொல்லை அவர் ஒரு வருஷம்கூட விட்டதில்ல. அந்த விடாமுயற்சிக்கு நன்றி. அடுத்து, மேலாளர் ஐயாவுக்கு நன்றி. உள்ளே போறவங்களுக்கு வெளியே ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அப்படி நின்னு நின்னுதான் பேக்கிங் பிரிவுல எங்களுக்குள்ள இவ்வளவு ஒத்துமை. அந்த ஒத்துமைக்குக் காரணமான ஐயாவுக்கு நன்றி."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம். எதற்கு நன்றி சொல்லலாம் என்று நிஜமாகவே யோசித்து, கிடைத்ததைச் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு மாவு பிசையும் பகுதி ஆட்கள் சிரித்தார்கள். மேலாளருக்கு முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

மறுநாள் காலை தச்சர் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். ஒன்றுக்கு இரண்டாக, மேலும் கீழும்.

பேக்கிங் பிரிவே அவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. இத்தனை வருடம் கெஞ்சியும் முறையிட்டும் நடக்காதது ஒரு நன்றியில் நடந்துவிட்டது! உடனே ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். "அக்கா, ஓடாத மின்விசிறிக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க." "எங்க சூப்பர்வைசர் தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாரு, அவருக்கு ஒண்ணு." மகளிர் தினக் கூட்டத்தில் அவள் மின்விசிறிக்கு நன்றி சொன்னாள். ஓடாமல் இருப்பதால் எங்கள் தலைமுடி கலையாமல் இருக்கிறது என்றாள். மின்விசிறி வந்தது. சூப்பர்வைசர் தன் முறை வருமுன்னே குணம் மாறிவிட்டார்.

தலைவருக்குத்தான் நிம்மதி போனது. யாராவது "நன்றி" என்றாலே திடுக்கிட்டார். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தவரிடம் ஒருவர் "ரொம்ப நன்றி" என்று சொன்னதைக் கேட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார் என்றுகூட ஒரு பேச்சு. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு யோசனை செய்தார். நன்றியுரையைச் செயலாளரிடம் கொடுத்தார். ஸ்பீக்கருக்குப் பதவி உயர்வு போல வரவேற்புரை. வரவேற்பில் என்ன வம்பு இருக்க முடியும் என்று அவர் நினைத்தார்.

ஸ்பீக்கர் வரவேற்றாள். "வந்திருக்கிற எல்லாரையும் வரவேற்கிறேன். வராதவங்களையும் வரவேற்கணும் இல்லையா? முதல் ஷிப்டுக்கு வர்ற பொம்பளைங்களுக்காகக் கம்பெனி வண்டி வரும்னு சொன்னாங்க. அது இன்னும் வரல. அதை வருக வருகன்னு வரவேற்கிறேன். கையுறை வரல, அதையும் வரவேற்கிறேன்." வராத சாமான்களையெல்லாம் வரிசையாக அவள் வரவேற்று முடித்தபோது, தலைமையுரை ஆற்ற எழுந்த தலைவருக்கு நெருப்பைக் கண்டுபிடிக்கக்கூடத் தோன்றவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சங்கத் தேர்தல் அறிவிப்பு வந்ததும், தலைவர் பதவிக்கு நீ நில் என்று பேக்கிங் பிரிவுப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு நன்றி சொல்லத்தான்டி தெரியும். வரவேற்கத் தெரியும். நடுவுல பேசத் தெரியாதே" என்றாள். அது உண்மை. நன்றியும் வரவேற்பும் யாரோ கொடுத்த வேலை. சொந்தமாக, என்னைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல ஒரு பேச்சு வேண்டும் என்றதும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வேட்பு மனு கொடுக்க அவள் முதன்முறையாகச் சங்க அலுவலகத்துக்குள் போனாள். ஒரு மேசை, ஒரு பீரோ, தலைவருக்கு ஒரு சாய்வு நாற்காலி. சுவரில் பெரிதாக ஒரு புகைப்படம். சங்கம் தொடங்கக் காரணமான முதல் வேலைநிறுத்தத்தின்போது எடுத்தது. தொழிற்சாலை வாசலில் ஆண்கள் வரிசையாக, கையை மடக்கி உயர்த்தியபடி. படத்தின் இடது ஓரத்தில், மரச்சட்டத்தை ஒட்டி, ஆள் இல்லாமல் ஒரு முழங்கை மட்டும் இருந்தது. அதில் சரிந்து இறங்கிய வளையலும் ஒரு தழும்பும் தெரிந்தன.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். மாமியாரும் அதே தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். மருமகள் வாயைத் திறந்தால் காதில் பஞ்சை வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அன்று பஞ்சை எடுத்தார். புடவைத் தலைப்பை ஒதுக்கி, தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். ரொட்டித் தட்டு சுட்டு வைத்த பழைய தழும்பு ஒன்று அதில் இருந்தது.

"இதுவா பாரு."

"ஐயோ, ஆமா அத்தை! அதேதான்! அப்போ நீங்களா அது?"

"நான் மட்டுமா? பின்னால இன்னும் எத்தனை பேரு! முதல்ல போய் வாசல்ல உக்காந்தவங்களே பேக்கிங் பொம்பளைங்கதான். ஆம்பளைங்க எல்லாம் மத்தியானமா வந்து சேர்ந்தாங்க. போட்டோக்காரர் எல்லாரையும் சேர்த்துத்தான் எடுத்தாரு. சட்டம் சின்னதா போச்சுன்னு இந்தப் பக்கம் நறுக்கிட்டாங்க."

"நீங்க கேக்கலையா?"

"கேக்காம? கேட்டேனே. முழங்கையாவது இருக்குல்ல, சந்தோஷப்படுன்னாங்க."

"இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? இந்த வீட்டுல நீ யாரைப் பேச விட்டே?"

முன்னறையில் கணவர் சத்தம் வராமல் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேகம் வந்துவிட்டது. இடைவேளை கிடைத்த போதெல்லாம் மாவுப் பிரிவு, கிடங்கு, லாரி ஏற்றும் இடம் என்று போய் இயந்திரங்களுக்கு மேலே குரலை எழுப்பி வாக்குக் கேட்டாள். விளைவு, தேர்தல் கூட்டத்துக்கு முன்தினம் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டது என்று சொன்னால் போதாது, குரல் என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு மூச்! கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது" என்றார்.

"இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார் மாமியார். ஆனால் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து மிளகுப் பால் வைத்துக் கொடுத்தார். கணவருக்கு வேலையே ஓடவில்லை. திருகாணிகள் இடுக்கியில் சமர்த்தாக நின்றன. அவர்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து, மனைவி இருக்கிறாளா என்று சமையலறையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேர்தல் கூட்டத்தில் ஒவ்வொரு வேட்பாளரும் தானே எழுந்து பேச வேண்டும், வேறு ஆள் படிக்கக் கூடாது என்று விதி. தலைவர் தரப்பு அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. தேர்தல் அதிகாரி கிடங்குப் பொறுப்பாளர். ஆணி ஒன்று எடுக்கக்கூடக் கையெழுத்துக் கேட்கும் மனிதர். "விதின்னா விதிதான். அவங்களே பேசணும்" என்றார்.

முதலில் தலைவர் பேசினார். அன்று அவர் குரல் என்றுமில்லாத அளவுக்குக் குழைந்தது. "மனிதன் கோதுமையைக் கண்டான்! ரொட்டியைப் படைத்தான்! ரொட்டியினால் நகரங்களை எழுப்பினான்!" அரங்கம் கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

பிறகு ஸ்பீக்கர் எழுந்தாள். எப்போதும் பின்வரிசையில் உட்காரும் பேக்கிங் பிரிவுப் பெண்கள் அன்று காலையிலேயே வந்து முன்வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். அவள் மைக் முன்னால் நின்று வாயை அசைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. மைக்கே கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது.

முன்வரிசை ஒரே குரலில் முழங்கியது: "எல்லாருக்கும் வணக்கம்!"

தலைவர் தரப்பில் ஒருவர் துள்ளி எழுந்தார். "அவங்க பேசவே இல்லையே! சத்தமே வரல!"

கிடங்குப் பொறுப்பாளர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். "வேட்பாளர் பேச வேண்டும்னு போட்டிருக்கு. மத்தவங்களுக்குக் கேக்கணும்னு எங்கேயும் போடல. அவங்க வாய் அசையுது. உக்காருங்க."

"கீழே இருக்கிறவங்க பேசறாங்களே?"

"கூட்டத்துல கீழே இருக்கிறவங்க பேசாம என்னிக்கு இருந்திருக்காங்க?"

அவள் மறுபடி வாயை அசைத்தாள். பெண்கள் முழங்கினார்கள்.

"மனுஷன் கோதுமையைக் கண்டுபிடிச்சான்னு அண்ணன் சொன்னாரு. சரி, கண்டுபிடிச்சதும் அப்படியே பச்சையாவா தின்னான்? அரைச்சது யாரு? பிசைஞ்சது யாரு? சுட்டது யாரு? அதை ஏன் சரித்திரத்துல காணோம்?"

அரங்கம் மேலும் கீழும் பார்த்தது. மேடையில் உதடு, கீழே குரல். எதைப் பார்ப்பது என்று புரியாமல் எல்லாரும் அதைவிட ஆச்சரியமான ஒரு காரியத்தைச் செய்தார்கள். கூர்ந்து கவனித்தார்கள்.

பேச்சு சீராகப் போனது என்று சொல்ல முடியாது. இரண்டாம் வரிசையில் ஒருத்தி சந்தடி சாக்கில், "என் ஓவர்டைம் வேலையைக் குறைக்கணும்!" என்று தன் சொந்த விஷயத்தைச் சேர்த்துவிட்டாள். மேடையில் ஸ்பீக்கர் பதறி, கையை ஆட்டி ஏதோ சொன்னாள். முன்வரிசை அதையும் கடமை தவறாமல் முழங்கியது: "நான் அதைச் சொல்லவே இல்லை!" அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் இருமினாள். முன்வரிசையும் இருமியது.

முழங்கைக் கதைக்கு அவள் வந்தபோது சிரிப்பு அடங்கியது. "ஆபீஸ்ல மாட்டியிருக்கிற போட்டோவை எல்லாரும் போய்ப் பாருங்க. ஓரத்துல ஒரு முழங்கை இருக்கு. அந்த முழங்கைக்குச் சொந்தக்காரங்க இந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்காங்க." ஓய்வு பெற்றவர்கள் வரிசையிலிருந்து மாமியார் எழுந்தார். யாரும் கேட்காமலே நாற்காலி மேல் ஏறினார். கையை மடக்கி, முழங்கையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். "இதுதான்! நல்லா பாத்துக்குங்க! முகமும் கூடவே இருக்கு!" என்றார். ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர், "ஆமாமா, அன்னிக்கு எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தா" என்று தன்னையும் அறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இவ்வளவு நேரம் வாயை அசைத்ததில் ஸ்பீக்கருக்குத் தொண்டை எரிந்தது. முன்னால் இருந்த தோழியைப் பார்த்து, "தண்ணி குடு" என்று உதட்டை அசைத்தாள்.

முன்வரிசை முஷ்டியை உயர்த்தியது. "தண்ணி குடு!"

இது பேச்சில் இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். நேரம் கடந்துவிட்டது. அரங்கின் மறுகோடியில், தலைவரின் சொந்தக் கோட்டையான அடுப்புப் பிரிவு ஆண்கள் அமர்ந்திருந்த இடத்தில், யாரோ ஒருவர் எழுந்து, "தண்ணி குடு!" என்றார். இன்னொருவர் எழுந்தார். அப்புறம் அந்தப் பக்கமே எழுந்து நின்றது. "தண்ணி குடு! தண்ணி குடு!" கூரை அதிர்ந்தது.

ஸ்பீக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்புப் பிரிவில் குடிதண்ணீர்க் குழாயே கிடையாது என்பதும், அந்த வெக்கையில் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கிடங்கைச் சுற்றிக்கொண்டு கேன்டீன்வரை அவர்கள் நடக்க வேண்டும் என்பதும் அன்றுவரை அவளுக்குத் தெரியாது. பெண்கள் அடுப்புப் பக்கம் போவதில்லை. அடுப்பு ஆட்கள் வந்து சொன்னதும் இல்லை. அவர்களுடைய ஆளே தலைவராக இருந்தார், அவரிடம் சொல்லலாம் என்றால் பேச்சு சக்கரத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஷிப்டு மணி அடித்துவிடும்.

கடைசியில் தோழி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் மேடையில் கொடுத்தாள். ஸ்பீக்கர் அதை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அதற்கு விழுந்த கைதட்டல் அந்த அரங்கில் எந்தப் பேச்சுக்கும் விழுந்ததில்லை.

அவள் ஜெயித்தாள். மயிரிழையில்தான், ஆனால் ஜெயித்தாள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அவளால் தலையை மட்டுமே ஆட்ட முடிந்தது. பதவிக்கு வந்தவுடன் அடக்கம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு.

குரல் திரும்பியதும் மேலாளரிடம் போனாள். "குடிதண்ணி பத்தி இதுவரைக்கும் எந்தக் கோரிக்கையும் வரலையேம்மா" என்றார் அவர்.

"தேர்தல் வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க ஐயா. இப்பத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவள் எப்போதும் பேசும் குரலில்தான் பேசினாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று உள்ளே பார்த்தார்கள். மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதனால் பயன் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து சம்மதித்தார். குளிர்ந்த தண்ணீர்க் குழாய் அடுப்புப் பிரிவிலேயே வந்தது. அதற்கும் முன்னால், போட்டோக் கடையில் பழைய நெகட்டிவைத் தேடச் சொல்லி, முழுப் படத்தையும் மறுபடி போட்டு, பெரிய சட்டமாக மாட்டினார்கள். அதில் மாமியார் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். இதைப் பார்த்த மகன், "அம்மாவா இது?" என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பழைய தலைவர் அலுவலகப் பக்கம் வரவே இல்லை. ஒரு மதியம் வந்தார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பது போல் தொண்டையைக் கனைத்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் ஸ்பீக்கர். சாய்வு நாற்காலியைக் காட்டினாள். அவர் மறுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"காட்டிலே திரிந்த மனிதன், நாலு காலிலே நடந்துகொண்டிருந்தவன், ஒருநாள் இரண்டு காலிலே எழுந்து நின்றானே..."

ஸ்பீக்கருக்கு நுனிநாக்குவரை ஒரு வார்த்தை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். தொண்டை கட்டியிருந்த அந்த வாரத்தில் அவள் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம், அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது. அவர் மனிதனை நிற்க வைத்தார். நடக்க வைத்தார். குகையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். காவலுக்கு நிற்கும் வீரர்களைப் பற்றிச் சொன்னார். நின்றுகொண்டே தூங்கும் குதிரைகளைப் பற்றிச் சொன்னார். அவர் ஒவ்வொரு முறை நிற்பதைப் பற்றிப் பேசும்போதும் அவர் கை தன்னையறியாமல் வலது முட்டிக்குப் போய் அதைத் தடவிக்கொடுத்தது.

பேச்சு ஓரிடத்தில் தானாக நின்றது. இடையில் யாரும் எழுந்து போகாததால் அவருக்கே அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை போலிருந்தது.

"முட்டி வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள் அவள், தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாக.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரொம்ப நாளா. அடுப்பு முன்னால ஷிப்டு பூரா நிக்கணும். உக்கார ஒண்ணு இருந்தா தேவலாம்."

"இத்தனை வருஷம் நீங்கதானே தலைவர்? உங்களுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எனக்குன்னு எப்படிம்மா கேக்கறது? எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலையே!"

இருவருமே சிரித்துவிட்டார்கள். அவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுப்புப் புகை என்று சொன்னார். அலுவலகத்தில் அடுப்பு எதுவும் இல்லை.

அந்த வாரமே அடுப்புப் பிரிவுக்கு உயரமான நாற்காலிகள் வேண்டும் என்று ஸ்பீக்கர் கேட்டு வாங்கினாள். முதல் நாள் அதில் உட்கார எல்லாரும் கூச்சப்பட்டார்கள். உட்கார்ந்து வேலை செய்தால் வேலை மாதிரியே இல்லை என்றார் ஒருவர். ஃபோர்மேன்தான் முதலில் ஏறி அமர்ந்தார். காலைத் தொங்கவிட்டு, முட்டியை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்தார். அடுப்புக் கதவைத் திறந்து முதல் தட்டை இழுத்தார். ரொட்டி நன்றாகச் சிவந்திருந்தது.